கசாக் இலக்கியத்தில் தொன்மம்: வாசிக்கும்போது சறுக்கும் இடங்கள்

கசாக் இலக்கியம் என்று பேச்செடுத்தாலே நம்மில் பலர் ஐத்மாத்தவ் பெயரைச் சொல்லிவிடுகிறோம். மாஸ்கோ பதிப்புகள் வழியே தமிழில் நன்றாகப் பழகியவர், அதனால்தான். ஆனால் அவர் கிர்கிஸ். 'மனாஸ்' காவியமும் கிர்கிஸ் மக்களுடையது. குழப்பத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நினைவு பறிக்கப்பட்ட அடிமையான மான்குர்ட்டின் கதை வரும் அவருடைய 1980 நாவல் நடப்பது கசாக் புல்வெளியில், நாயகன் எதிகேயும் கசாக். சரி, அதே கொடுமையை 'குய்' என்ற குறுநாவலில் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே எழுதிய கசாக் எழுத்தாளர் அபிஷ் கேகில்பாயேவை ஏன் யாரும் தேடுவதில்லை?

அதைவிட மோசமானது, அகராதி பார்ப்பதுபோல வாசிப்பது: ஓநாய் வந்தால் துருக்கிய இனங்களின் மூதாதை, எனவே தேசத்தின் குறியீடு, முடிந்தது வேலை. கசாக் எழுத்தாளர் முக்தார் அவுயெசவின் 'கோக்செரெக்' (1929) கதையை இப்படி வாசித்தால் ஒன்றுமே தேறாது. குகையிலிருந்து எடுத்து வந்த ஓநாய்க்குட்டியைக் குர்மாஷ் என்ற சிறுவன் ஆசையாக வளர்க்கிறான், அது வளர்ந்து காட்டுக்குப் போகிறது, ஊரின் மந்தைகளைக் கிழிக்கிறது, கடைசியில் வளர்த்தவனையே கொல்கிறது. புனித மூதாதை இங்கே எங்கே இருக்கிறார்? பழைய நம்பிக்கை வாசகன் மனதில் இருக்கும் என்று தெரிந்தே அவுயெசவ் அதன்மேல் ஒரு நிஜ மிருகத்தை ஏவிவிடுகிறார், கதையின் பயமே அதில்தான்.

அப்புறம், தொன்மம் என்றாலே சோவியத் தணிக்கைக்குப் பயந்து போட்ட முகமூடி என்று சொல்லிவிடுவது. சில படைப்புகளுக்கு அது பொருந்தலாம். ஆனால் 1950களின் தொடக்கத்தில் நாட்டார் காவியங்களே நிலப்பிரபுத்துவச் சரக்கு என்று தாக்கப்பட்டன, அப்படியிருக்க அதற்குள் ஒளிந்துகொள்வது எப்படிப் பாதுகாப்பாகும்? தொன்ம இசைஞன் கோர்கிட்டின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள்: சாவுக்குப் பயந்து திசையெல்லாம் ஓடுகிறான், போன இடமெல்லாம் குழி வெட்டிக்கொண்டிருக்கிறார்கள், யாருக்கு என்று கேட்டால் "கோர்கிட்டுக்கு" என்கிறார்கள். கடைசியில் சிர்தரியா ஆற்றின்மேல் விரிப்பைப் போட்டு உட்கார்ந்து கோபிஸ் என்ற நரம்பிசைக் கருவியை வாசிக்கிறான், வாசிக்கும்வரை சாவு நெருங்குவதில்லை. இதைத் தன் கவிதையில் எடுத்தாண்ட கசாக் கவிஞர் மக்ஜான் ஜுமாபாயேவ் 1938-இல் சுட்டுக் கொல்லப்பட்டார் என்பதால் அதை ஸ்டாலின் காலத் தீர்க்கதரிசனமாக வாசிக்கிறவர்கள் உண்டு. ஆனால் கவிதை எழுதப்பட்டது 1920களிலேயே. கோர்கிட்டைப்போல கோபிஸைக் கட்டிக்கொண்டே மண்ணுக்குள் போக வேண்டும் என்பதுதான் அந்தக் கவிஞனின் ஆசை.