கார் சாவி தொலைந்தால், உடைந்தால்: நானே செய்து பார்த்த தவறுகள்

போன வாரம் ஒருவர் தன் காரை லாரியில் ஏற்றிவந்து என் சாவிக் கடை முன்னால் இறக்கினார். செல்ஃப் அடித்தால் மோட்டார் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கிறது, இரண்டு நொடியில் அணைந்துவிடுகிறது. புது பேட்டரி போட்டாயிற்று, பெட்ரோல் பம்ப்பைக் கழற்றிப் பார்த்தாயிற்று, ஒன்றும் நடக்கவில்லை. சாவியைக் கையில் வாங்கியதுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. சாவியின் பிளாஸ்டிக் கூடு புத்தம்புதிதாகப் பளபளவென்று இருந்தது.

"பழைய கூடு எங்கே சார்?"

"அது உடைஞ்சுபோச்சுங்க. குப்பையில போட்டுட்டேன்."

அவரைக் கோபித்துக்கொள்ள முடியாது. இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்ததும் இதுவேதான். என்னிடம் வேலை பழகும் பையன்களில் ஒருவர் போன மாதம் இதே பள்ளத்தில் விழப்போனார், கையைப் பிடித்து நிறுத்தினேன். ஒரே தவறு எத்தனை பேரிடம்தான் சுற்றிவரும் என்ற எரிச்சலில் எழுத உட்கார்ந்தேன். ரிமோட்டின் பட்டன் பேட்டரி தீர்ந்ததைச் சாவியே போய்விட்டதாக நினைப்பது, ஒரே சாவியோடு வருடக்கணக்கில் ஓட்டுவது போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

பழைய கூட்டைத் தூக்கி எறிவது

பட்டன் வைத்த சாவி ஒன்றைப் பிரித்தால் உள்ளே ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று சாமான்கள் இருக்கும். பூட்டைத் திருப்பும் இரும்பு ஒன்று. கதவைத் திறக்கும் ரிமோட் பலகை இன்னொன்று. பட்டனும் பேட்டரியும் இதைச் சேர்ந்தவை. மூன்றாவதுதான் எஞ்சினுக்கு அனுமதி வாங்கித் தரும் சிப். முதல் இரண்டும் கண்ணுக்குத் தெரியும். மூன்றாவது தெரியாது, தெரிந்தாலும் பிளாஸ்டிக் துண்டு என்றே தோன்றும்.

இந்தச் சிப்புக்குப் பேட்டரி தேவையில்லை. சாவித் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. சாவியைப் போட்டுத் திருப்பியதும் அந்தச் சுருள் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒரு காந்தப் புலத்தை உண்டாக்கும். சில வகை சிப்புகளுக்கு 134.2 கிலோஹெர்ட்ஸ். அந்தப் புலத்திலிருந்தே சிப் தனக்கான மின்சாரத்தை எடுத்துக்கொண்டு தன் அடையாளத்தைச் சொல்லும். கார் அதைத் தன் நினைவில் உள்ள பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தாவிட்டால் எரிபொருளையோ தீப்பொறியையோ நிறுத்திவிடும். இதற்குப் பெயர் இம்மொபிலைசர். ஐரோப்பாவில் 1998 அக்டோபர் முதலும் கனடாவில் 2007 முதலும் புதிய கார்களில் இது கட்டாயம். மற்ற இடங்களிலும் உங்கள் கார் மிகப் பழையதாக இல்லாவிட்டால் இருக்க வாய்ப்பு அதிகம்.

தொல்லை என்னவென்றால், பல சாவிகளில் இந்தச் சிப் ரிமோட் பலகையோடு சேர்ந்து வருவதில்லை. கூட்டின் ஒரு மூலையில், அதற்கென்று விட்ட சின்னக் குழியில் தனியாகச் செருகியிருப்பார்கள். ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல் நீளத்தில் கண்ணாடிக் குழாயாக இருக்கும், இல்லாவிட்டால் கறுப்பு ஆப்பு போலிருக்கும். மடக்குச் சாவிகளில் இரும்பு மடங்கும் பக்கத்துத் தலைக்குள்ளே ஒளிந்திருப்பதும் உண்டு. பட்டன் கிழிந்த கூட்டுக்குப் பதிலாகப் புதிய கூடு வாங்குகிறவர் பலகையை எடுத்து மாற்றுவார், இரும்பை எடுத்து மாற்றுவார். பட்டனை அழுத்தினால் கதவு திறக்கும். வேலை முடிந்தது என்று பழைய கூட்டை வீசிவிடுவார். காரின் அனுமதிச் சீட்டு அந்தக் குப்பையோடு போகும்.

என் முதல் வருடத்தில் ஒரு வாடிக்கையாளரின் மடக்குச் சாவிக்குக் கூடு மாற்றிக் கொடுத்தேன். பட்டனை அழுத்திக் காட்டினேன், கதவு திறந்தது. பணம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். கிளம்பினார் என்று சொல்லக் கூடாது, கார் கிளம்பவே இல்லை. திரும்பி வந்து நின்றவரிடம் "பேட்டரி வீக்கா இருக்கும்" என்று வேறு சொல்லித் தொலைத்தேன். மேசைக்கடியில் டார்ச் அடித்துத் தேடியபோது அந்தக் கண்ணாடிக் குழாய் கிடைத்தது, என் செருப்புக்கு அடியில் தூளாக. அவர் வீட்டில் இரண்டாவது சாவி இருந்ததால் பிழைத்தேன். அதிலிருந்த சிப்பைப் படித்து வேறொரு சிப்பில் நகல் எழுதிக் கொடுத்தேன், கூலி வாங்கவில்லை. அந்தச் சாவியும் இல்லாமலிருந்திருந்தால் கடையை அன்றைக்கே மூடியிருப்பேன்.

ஏனென்றால் வேலை செய்யும் சிப் ஒன்றுகூட மிச்சம் இல்லாத நிலை முற்றிலும் வேறு வேலை. ஒரு சாவி இருந்தால் அதைக் காட்டி இன்னொன்றைச் சேர்ப்பது பல வண்டிகளில் சில நிமிடக் காரியம். எதுவும் இல்லையென்றால் காரின் பாதுகாப்புக் குறியீடு வேண்டும். சில வண்டிகளில் டாஷ்போர்டைக் கழற்றி, இம்மொபிலைசர் பெட்டியைத் திறந்து, உள்ளே எட்டுக் கால் கொண்ட மெமரி சிப்பில் உள்ள தகவலைப் படித்தெடுத்துத்தான் புதுச் சாவியை எழுத முடியும். நேரமும் காசும் பல மடங்கு ஆகும். கார் ஓடாது என்பதால் ஏற்றி இறக்கும் செலவு தனி. இத்தனையும் ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்காக.

இன்னும் எரிச்சல் தருவது, தவறு நடந்த பிறகு அது சாவியில்தான் நடந்தது என்று யாரும் சந்தேகிக்காததுதான். கதவு திறக்கிறதே, அப்படியென்றால் சாவி நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைக்கிறார்கள். கதவைத் திறப்பது வேறு, எஞ்சினை அனுமதிப்பது வேறு. எஞ்சின் பிடித்த உடனே அணைவது, மோட்டார் சுற்றியும் பிடிக்காமலே இருப்பது, மீட்டரில் சாவிப் படமோ பூட்டுப் படமோ விடாமல் மின்னுவது, இவற்றில் ஏதாவது கூடு மாற்றிய பிறகு வந்தால் பம்ப்பைத் தொடாதீர்கள். குப்பைக்கூடையைத் தேடுங்கள்.

கூடு மாற்றியே ஆக வேண்டுமென்றால், பழைய கூட்டை வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொரு குழியையும் பாருங்கள். ஊசியாலோ கத்தி முனையாலோ நெம்பாதீர்கள். கண்ணாடி வகை அழுத்தம் தாங்காது. ஒட்டியிருந்தால் பசை இளக மிதமான சூடு காட்டி, மெதுவாகத் தள்ளி எடுங்கள். திருகே இல்லாமல் உருக்கி ஒட்டிய தலை என்றால் வெட்டித்தான் பிரிக்க முடியும், வெட்டு சிப்பின் மேலேயே விழக்கூடும். அதை வீட்டில் செய்ய வேண்டாம். சில சாவிகளில் சிப் பலகையோடு சேர்த்தே பற்றவைத்திருக்கும், அங்கே இந்தப் பயமில்லை. எது எந்த வகை என்று தெரியாவிட்டால், புதிய கூட்டை மூடியதும் பழைய கூட்டைக் காருக்கு வெளியே தூரமாக வைத்துவிட்டு எஞ்சினை ஓட்டிப் பாருங்கள். ஒரு நிமிடம் ஓடட்டும். அதன் பிறகு எறியலாம். தூரமாக என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பழைய கூட்டைச் சாவித் துவாரத்துக்குப் பக்கத்தில் கையில் பிடித்துக்கொண்டே சோதித்த ஒருவரை எனக்குத் தெரியும். எஞ்சின் ஓடியது. நம்பி எறிந்தார்.

தேய்ந்த சாவியைப் பார்த்து நகல் வெட்டுவது

பத்து வருடம் உழைத்த சாவியின் மேடுகள் தேய்ந்திருக்கும். அதை அச்சாக வைத்து வெட்டினால் அந்தத் தேய்மானமும் சேர்ந்து நகலாகும், இயந்திரத்தின் பிழை அதற்கு மேல். பழைய சாவியும் பூட்டும் ஒன்றாகத் தேய்ந்து ஒன்றுக்கொன்று பழகியவை. அது திருப்புகிறது என்பதற்காக நகலும் திருப்பும் என்று சொல்ல முடியாது. புதுச் சாவி கொஞ்சம் ஆட்டினால்தான் திரும்புகிறது என்றால் வாங்கிக்கொண்டு போகாதீர்கள்.

சரியான வழி, சாவி எண்ணை வைத்து வெட்டுவது. கார் வாங்கும்போது சாவிக்கொத்தோடு ஒரு சின்ன உலோகத் தகடோ ஸ்டிக்கரோ வந்திருக்கும். அதில் உள்ள எண்தான் அந்த வெட்டின் பிறப்புச் சான்று. அதிலிருந்து தொழிற்சாலை அளவிலேயே வெட்டலாம். அந்தத் தகட்டைச் சாவியோடு சேர்த்தே மாட்டிவைப்பவர்கள் இருக்கிறார்கள். சாவி தொலையும்போது அதுவும் சேர்ந்து தொலைகிறது. எண்ணைத் தனியாக எழுதி வீட்டில் வையுங்கள். தகடு இல்லையென்றால் 17 இலக்க சேசிஸ் எண்ணைக் கொடுத்து நிறுவனத்திடம் கேட்கலாம். எழுதிக் கொடுக்கும்போது கவனம்: அந்த எண்ணில் ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் வராது. ஓ போலத் தெரிவது பூஜ்யம்.

படத்தைப் பார்த்து இணையத்தில் வாங்குவது

"அப்படியே இதே மாதிரி இருக்கு அண்ணே" என்று கொண்டுவருவார்கள். பட்டன் மூன்று, வடிவம் அதே. உள்ளே ரிமோட்டின் அலைவரிசை ஒன்றில் 315 மெகாஹெர்ட்ஸ், மற்றதில் 433. காருக்கு அது கேட்கவே கேட்காது. சிப் வகையும் வேறாக இருக்கலாம். ஒரே மாடலில் ஆண்டு மாறினால் சிப்பும் மாறிய வண்டிகள் பல உண்டு.

பழைய சாவியை மலிவாக வாங்குவதில் இன்னொரு பொறி இருக்கிறது. பல வகை சிப்புகள் ஒரு காரில் பதிவானதும் பூட்டிக்கொள்ளும். வேறு காருக்கு அவை போகாது. திறந்து புதிதாக்கத் தனிக் கருவி வேண்டும், எல்லா வகையையும் அப்படித் திறக்கவும் முடியாது. சாவி செய்பவரிடம் வண்டியைக் காட்டி, அவர் சொல்லும் வகையை வாங்குங்கள். வாங்கிவிட்டு வந்து கேட்காதீர்கள்.

இருக்கிற எல்லாச் சாவியையும் கொண்டுவராமல் இருப்பது

சில கார்களில் புதுச் சாவி சேர்க்கும்போது பழைய பட்டியல் முழுவதும் அழிந்து, அந்த நேரத்தில் காட்டிய சாவிகள் மட்டுமே பதிவாகும். அலமாரியில் தூங்கும் இரண்டாவது சாவி அன்றோடு வெறும் இரும்பு. நல்ல சாவியை ஆறு மாதம் கழித்து எடுத்துப் போட்டு, "நீங்கதான் கெடுத்தீங்க" என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. நியாயம்தான், முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டியது நான். இப்போது போனிலேயே கேட்டுவிடுகிறேன்.

உடைந்த இரும்பை ஒட்டுவது

சாவி இரண்டாக முறிந்தால் சூப்பர் க்ளூ போட்டு ஒட்டி, "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று திருப்பிப் பார்ப்பார்கள். ஒட்டு விடும், பாதி உள்ளே நிற்கும். அதைவிட மோசம், துவாரத்துக்குள் நிற்கும் துண்டின் நுனியில் பசை தடவி இழுக்கலாம் என்ற யோசனை. பசை உள்ளே இருக்கும் தகடுகளில் ஓடினால் பூட்டையே மாற்ற வேண்டியதுதான்.

முறிந்த துண்டு இரண்டையும் பத்திரமாகக் கொண்டுவாருங்கள். சேர்த்து வைத்து வெட்டுகளை அளந்துவிடலாம். துண்டு உள்ளே சிக்கியிருந்தால் ஸ்க்ரூடிரைவரால் தள்ளாமல் அப்படியே விடுங்கள்.

இக்னிஷனை உடைத்துத் திருப்புவது

சிப் இல்லாமல் எஞ்சின் ஓடாது. உடைத்ததுதான் மிச்சம்.

சக்தியில்லாத கார் பேட்டரியோடு புதுச் சாவியை ப்ரோகிராம் செய்வது

சாவியைப் பதியும்போது பாதியில் மின்சாரம் படுத்தால் காரின் கன்ட்ரோல் யூனிட்டும் சேர்ந்து படுக்கும். கார் பேட்டரிக்கு விடாமல் மின்சாரம் கொடுக்கும் சப்போர்ட் சார்ஜரை மாட்டிவிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

காகிதம் கேட்டால் கோபப்படுவது

உரிமையாளர் சான்றையும் அடையாள அட்டையையும் பார்க்காமல் கார் சாவி செய்து கொடுப்பவரிடம் உங்கள் காரை விடாதீர்கள். நாளைக்கு இன்னொருவருக்கும் அப்படியே செய்து கொடுப்பார்.

சாவியின் படத்தை ஊருக்கே அனுப்புவது

"இதுக்கு டூப்ளிகேட் கிடைக்குமா?" என்று குழுக்களில் சாவியைத் தெளிவாகப் படம் பிடித்துப் போடுகிறார்கள். 2008-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக ஆய்வாளர்கள், சுமார் 60 மீட்டர் தூரத்திலிருந்து எடுத்த படத்தை வைத்தே வீட்டுச் சாவியின் வெட்டுகளைக் கணித்துக் காட்டினார்கள். கையில் பிடித்து எடுத்த படத்துக்குக் கேட்க வேண்டுமா? இரும்பை விரலால் மறைத்துத் தலையை மட்டும் எடுங்கள்.

தொலைந்த சாவியை காரின் நினைவில் அப்படியே விடுவது

புதுச் சாவி கைக்கு வந்ததும் எல்லோருக்கும் நிம்மதி, பழையதை மறந்துவிடுகிறார்கள். அது எங்கேயோ கிடக்கிறது, எடுத்தவர் காரை ஓட்டலாம். புதிதைச் சேர்க்கும்போதே தொலைந்ததை அழிக்கச் சொல்லுங்கள், அதே உட்காரலில் முடிகிற வேலை. எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்பதைப் பல வண்டிகளில் ஸ்கேனர் காட்டும். இரண்டு சாவி வைத்திருப்பவருக்குத் திரையில் மூன்று என்று வந்தால் மூன்றாவது யாரிடம் என்று கேட்க வேண்டும். பழைய கார் வாங்கியவர்களில் எத்தனை பேர் இதைப் பார்த்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

அழித்த பிறகும் அந்தச் சாவியின் இரும்பு கதவைத் திறக்கும், நினைவிருக்கட்டும். வாகனப் பத்திரத்தோடு பையே திருட்டுப் போயிருந்தால் கதவுப் பூட்டின் உட்பகுதியையும் மாற்றிவிடுவது நல்லது. அப்புறம், அழித்த சாவி என்றைக்காவது சோபா இடுக்கிலிருந்து கிடைத்தால் எறிந்துவிடாதீர்கள். பல வண்டிகளில் அதையே மறுபடி பட்டியலில் சேர்க்க முடியும், சிப்புக்குத் தனிச் செலவும் இல்லை.