கொம்புச்சா இரண்டாம் புளிப்பு: பூசண பயமும் பாட்டில் பயமும்

இடுக்கி மலையில் இருக்கும் வண்டிப்பெரியாரில் மழைக்காலம் வந்துவிட்டால் தோல் செருப்பு, பெல்ட், மரப்பெட்டி எல்லாவற்றிலும் பூசணம் பூக்கும். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு கொம்புச்சா (இனிப்புத் தேநீரைப் புளிக்கவைத்துச் செய்யும் பானம்) போடுகிறேன் என்றால், "கெட்டுப்போகாதா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். வேடிக்கை என்னவென்றால், முதல் ஜாடியைத் தைரியமாகப் போட்டவர்கள்கூட, இரண்டாம் புளிப்புக்காகப் பழச்சாறு சேர்த்துப் பாட்டிலில் அடைத்த பிறகுதான் பதறுகிறார்கள். நான் நேர்மாறாகச் சொல்வேன். பூசணத்துக்குப் பயப்பட வேண்டியது முதல் ஜாடியில். பாட்டிலில் பயப்பட வேண்டியது காற்று அழுத்தத்துக்கு.

காரணம் இதுதான். முதல் ஜாடியில் இருப்பது ஆறிய இனிப்புத் தேநீர். துணியால் மட்டும் மூடியிருக்கிறோம், மேலே காற்று படுகிறது, புளிப்பு இன்னும் ஏறவில்லை. அந்த முதல் சில நாட்களில் அதற்குக் காவல், நீங்கள் ஊற்றிய உறை, அதாவது ஏற்கெனவே புளித்த பழைய கொம்புச்சா மட்டுமே. பாட்டிலுக்குப் போகும் நேரத்தில் தேநீர் நன்றாகப் புளித்திருக்கும், மூடியும் இறுக்கமாக இருக்கும். அந்தப் புளிப்பிலும் காற்றில்லாத இடத்திலும் பூசணம் வேர்விடுவது கஷ்டம்.

அதனால் உறையில் கஞ்சத்தனம் கூடாது. என் கணக்கு: ஒரு லிட்டர் தண்ணீர், 70 கிராம் சர்க்கரை, இரண்டு டீஸ்பூன் டஸ்ட் டீ. கொதிக்கவைத்து, வடிகட்டி, முழுக்க ஆறியதும் 150 மில்லி பழைய கொம்புச்சாவும் ஆடையும் (ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சேர்ந்து கட்டும் வழுவழுப்பான படலம்). ஏலக்காய் வாசனை சேர்த்த டீத்தூள் வேண்டாம்; அந்த எண்ணெய் ஆடைக்கு ஆகாது. கண்ணாடி ஜாடி மட்டும்தான். அலுமினியம், பித்தளை, செம்பு கிட்டவே வரக்கூடாது, புளிப்பு உலோகத்தைத் தின்றுவிடும். பாட்டி வைத்துவிட்டுப் போன ஊறுகாய் பரணியும் வேண்டாம். பழைய மெருகில் ஈயம் இருக்கலாம். எண்ணெய் வாடையும் போகாது. மூடுவதற்கு நெருக்கமாக நெய்த வேட்டித் துணி, கழுத்தில் ரப்பர் பேண்டு. வலைமாதிரித் துணி போட்டால் பழ ஈ உள்ளே புகுந்து முட்டையிடும்.

24 முதல் 29 டிகிரி வெப்பம் இதற்குச் சுகம். மலையில் ஆனி, ஆடி ராத்திரிகள் அதைவிடக் குளிர்ச்சி. குளிரில் புளிப்பு மெதுவாக ஏறும், அந்தத் தாமதத்தில்தான் பூசணம் முந்திக்கொள்ளும். நான் ஜாடியை ஃப்ரிட்ஜின் மேல் வைத்துவிடுவேன். சந்தேகம் தீராதவர்கள் புளிப்பை அளக்கும் பிஹெச் தாள் வாங்கிக்கொள்ளலாம்; எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். சில நாட்களில் 4.2-க்குக் கீழே இறங்க வேண்டும். பாட்டிலில் அடைக்கும்போது 2.5-க்கும் 3.5-க்கும் இடையில் இருந்தால் நிம்மதி.

சரி, இனி பாட்டில். சுத்தத்துக்கு எனக்கு இட்லிப் பானை போதும். கண்ணாடிப் பாட்டில்களைச் சோப்புப் போட்டுக் கழுவி, சோப்பு வாடை போகும்வரை அலசி, பச்சைத் தண்ணீர் வைத்த பானையில் கவிழ்த்து வைத்து அடுப்பைப் பற்றவைப்பேன். ஆவி வந்த பின் பத்து நிமிடம். தண்ணீர் கொதித்த பிறகு பாட்டிலை உள்ளே விட்டால் விரிசல் விழும். கம்பி மூடி பாட்டில் என்றால் ரப்பர் வளையத்தைக் கழற்றித் தனியாகத் தேய்க்க வேண்டும். அழுக்கு ஒளிந்திருப்பது அதற்கடியில்தான், யாரும் பார்ப்பதில்லை.

பழத்துக்கு எங்களுக்குக் கஷ்டமே இல்லை. மலைக்கு இந்தப் பக்கம் தேயிலை, இறங்கினால் கம்பம் பன்னீர் திராட்சை. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம். வருஷம் முழுக்கக் கிடைக்கும். ஆனால் தோலின்மேல் மருந்தும் இருக்கும், காட்டு ஈஸ்ட்டும் இருக்கும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று தடவை அலசி, பிழிந்து, சாற்றை ஒரு கொதி விட்டு ஆறவைத்து ஊற்றுகிறேன். முழுப் பழமாகப் போட எனக்குப் பிடிக்காது. மேலே மிதந்து, காற்றில் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். பாட்டிலில் பூசணத்துக்கு ஒரு வழி உண்டென்றால் அது அந்த மிதக்கும் பழம்தான். ஏலக்காய், இஞ்சி சேர்க்க ஆசைப்பட்டால் இந்தக் கட்டத்தில் சேர்க்கலாம், முதல் ஜாடியில் கூடாது.

அளவு முக்கியம். ஒரு கிராம் சர்க்கரை முழுக்கப் புளித்தால் ஏறக்குறைய கால் லிட்டர் வாயு வரும். 50 மில்லி திராட்சைச் சாற்றில் சுமார் எட்டு கிராம் சர்க்கரை இருக்கும். ஆக, அதிலிருந்து மட்டும் இரண்டு லிட்டர் வாயு. தேநீரில் மிச்சமிருக்கும் சர்க்கரை வேறு. இத்தனையும் மூடிய ஒரு பாட்டிலுக்குள். அதனால் லிட்டருக்கு 50 மில்லிக்கு மேல் நான் போவதில்லை. கழுத்தில் இரண்டு விரல் இடம் விடுங்கள். அலங்காரச் சதுரப் பாட்டிலும் ஜாம் பாட்டிலும் இதைத் தாங்காது. சோடாவுக்கென்று செய்த தடித்த, உருண்டைக் கண்ணாடிப் பாட்டில் வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒன்றையாவது பிளாஸ்டிக் சோடா பாட்டிலில் அடைத்து வையுங்கள் (அதை ஆவியில் வைக்காதீர்கள், நெளிந்துவிடும்). அமுக்கினால் கல்லாக இருந்தால் எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜுக்கு மாற்ற வேண்டியதுதான்.

எத்தனை நாள் என்பது ஊரைப் பொறுத்தது. மலைமேல் குமுளியில் நாலைந்து நாள் பிடிப்பது, மலையிறங்கிக் கம்பம் வெயிலுக்குப் போனால் இரண்டு நாளில் முடிந்துவிடும். இங்கே எழுதிய நாள் கணக்கை அங்கே அப்படியே பின்பற்றுவது ஆபத்து.

கம்பத்தில் இருக்கும் என் நாத்தனார் ஒரு நாள் படம் அனுப்பிவிட்டு, "மதினி, பாட்டிலுக்குள்ள சளி மாதிரி தொங்குது, கொட்டிரவா?" என்று கேட்டாள். கொட்ட வேண்டாம். பழுப்பு நூலாகத் தொங்குவதும், அடியில் வண்டலாகப் படிவதும் ஈஸ்ட். மேலே கண்ணாடிபோல வழுவழுப்பாக மெல்லிய படலம் கட்டினால் அது புது ஆடை, வடிகட்டிக் குடிக்கலாம். வெள்ளையாக, வறண்டு, சுருக்கம் சுருக்கமாகப் பரவினால் அது வேறொரு காட்டு ஈஸ்ட். கெடுதல் பெரிதாக இல்லை, ருசி போய்விடும், நான் கொட்டிவிடுவேன். பூசணம் என்றால் பார்த்ததும் தெரியும்: மேற்பரப்பில் பஞ்சுபோல முடி முடியாக, வட்ட வட்டமாக, வெள்ளை, பச்சை, நீலம், கறுப்பு என்று நிற்கும். அப்போது சுரண்டி எடுத்துவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றும் வேலை வேண்டாம். ஆடை உட்பட எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, ஜாடியைக் கொதிநீர் ஆவியில் வைத்து, வேறொருவரிடம் உறை வாங்குங்கள். சாயங்காலம் படமெடுத்தால் வெளிச்சத்தில் எல்லாம் பூசணமாகத் தெரியும், பகலில் பாருங்கள்.

திறப்பதற்கு முன் ஒரு ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வையுங்கள். குளிரில் வாயு தண்ணீருக்குள் அடங்கும். மூடிமேல் துணி போட்டு, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே, முகத்தைத் தள்ளி வைத்துத் திறக்க வேண்டும். இந்த இரண்டாம் புளிப்பில் சாராயச் சத்தும் கொஞ்சம் ஏறும்; அரை சதவீதத்தைத் தாண்டவும் கூடும். பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நான் கொடுப்பதில்லை, விருந்தாளிகளிடம் சொல்லிவிட்டே ஊற்றுவேன்.

அடுத்த ஜாடிக்கான உறையைப் பழம் சேர்ப்பதற்கு முன்பே எடுத்து ஒதுக்கிவிடுங்கள். திராட்சை கலந்த பாட்டிலிலிருந்து எடுத்தால் பழத்தின் சத்தும் அதோடு வந்த ஈஸ்ட்டும் அடுத்த ஆடையில் ஏறிக்கொள்ளும்.