மால்ட் விஸ்கி: கதை சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘மால்ட்’ என்றால் ஏதோ உசத்தி ரகத்தின் பெயர் என்று நினைத்துக்கொள்வதில்தான் எல்லாம் தொடங்குகிறது. வீட்டில் கேழ்வரகை ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, முளைவிட்டதும் காயவைத்து அரைத்தால் ராகி மால்ட். ஸ்காட்லாந்துக்காரர்கள் அதையே பார்லியில் செய்தார்கள். தானியம் முளைக்கும்போது அதற்குள் உண்டாகும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. சர்க்கரை இருந்தால்தான் அதைச் சாராயமாக்கும் ஈஸ்ட்டுக்குச் சாப்பாடு.

பழைய முறையில், ஊறவைத்த பார்லியைக் கல்தளத்தில் பரப்பி, ஒரு வாரம் போல மரத்துடுப்பால் புரட்டிக்கொண்டே இருப்பார்கள். விட்டால் சூடேறி, வேர்கள் பின்னிப் பாய் மாதிரி ஆகிவிடும். இப்படிப் புரட்டிப் புரட்டி ஒரு பக்கத் தோள் தொங்கிப்போவதற்கு அங்கே ‘குரங்குத் தோள்’ என்று பெயர். முளை போதுமான அளவு வந்ததும் சூளையில் காயவைத்து அதை நிறுத்திவிடுவார்கள். அந்தச் சூளைக்காக 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சார்லஸ் டாய்க் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த கோபுரக் கூரையைத்தான் இன்றும் விஸ்கி ஆலைப் படங்களில் பார்க்கிறோம். அதைப் பார்த்துவிட்டு எல்லா ஆலையும் சொந்தமாக முளைகட்டுகிறது என்று எழுதிவிடாதீர்கள். பெரும்பாலானவை வெளியிலிருக்கும் பெரிய மால்ட் ஆலைகளில் வாங்குகின்றன. கூரை வெறும் அழகுக்கு நிற்கிறது. கேம்பல்டவுனின் ஸ்பிரிங்பேங்க் மாதிரி தனக்கு வேண்டிய அத்தனை மால்ட்டையும் தானே செய்துகொள்ளும் ஆலை அபூர்வம்.

அடுத்தது புகை. ஸ்காட்ச் என்றாலே புகை வாசனை, அது அங்குள்ள பழுப்புத் தண்ணீரிலிருந்து வருகிறது என்று நானும் வருஷக்கணக்காகச் சொல்லித் திரிந்தவன்தான். இரண்டுமே தப்பு. சதுப்பு நிலத்தில் செடிகள் மக்கி இறுகிய மண்கட்டிதான் பீட். விறகும் நிலக்கரியும் கிடைக்காத இடத்தில் அதுதான் அடுப்பெரிக்க உதவியது. சூளையில் அதை எரிக்கும்போது புகை ஈரமான மால்ட்டில் ஏறுகிறது. தண்ணீருக்கு அதில் பங்கு மிகக் குறைவு. ரயில் வந்து நிலக்கரி எளிதாகக் கிடைத்ததும் ஸ்பேசைட் பகுதியில் புகை குறைந்தது. ஐலா தீவின் லாஃப்ரோய்க், ஆர்ட்பெக் போன்ற ஆலைகள் அதைக் கைவிடவில்லை. (எழுத்தைப் பார்த்து ‘இஸ்லே’ என்று படித்துவிடுவார்கள், ஊர்க்காரர் வாயில் அது ஐலா.)

சரி, வரலாற்றுக்கு வருவோம். ‘1494இல் துறவி ஒருவர் விஸ்கியைக் கண்டுபிடித்தார்’ என்ற வரி எங்கும் கிடைக்கும். ஸ்காட்லாந்தின் அரசுக் கருவூலக் கணக்கில் அந்த ஆண்டு இருப்பது வேறு: ‘உயிர்நீர்’ வடிப்பதற்காகத் துறவி ஜான் கோருக்கு எட்டு ‘போல்’ (boll, அந்தக் காலத் தானிய அளவை) மால்ட் கொடுக்கப்பட்டது என்பது. ஏறத்தாழ அரை டன். ஒரு புது விஷயத்தைச் சோதித்துப் பார்க்க யாரும் அரை டன் தானியம் வாங்க மாட்டார்கள். தொழில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. எழுத்தில் சிக்கியது அப்போதுதான். ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் உயிர்நீருக்கு ‘உஷ்கே பாஹா’ என்று பெயர். அந்த ‘உஷ்கே’தான் தேய்ந்து விஸ்கி ஆனது.

இதைவிடப் பெரிய தவறு, அந்தத் துறவியின் கோப்பையில் இன்றைய பொன்னிறத் திரவத்தை ஊற்றிப் பார்ப்பது. அவர் வடித்தது தண்ணீர் மாதிரி தெளிவாக, காரமாக இருந்திருக்கும். மூலிகையும் மசாலாவும் சேர்த்து மருந்தாகக் கொடுப்பதும் உண்டு. நம் ஆள் யாராவது குடித்திருந்தால் சாராயம் என்றுதான் சொல்லியிருப்பார். இன்று ‘பாரம்பரியம்’ என்று நாம் கொண்டாடும் பல விஷயங்கள் பிற்பாடு வரிக்காரர்களாலும் சிக்கனத்தாலும் போராலும் வந்து சேர்ந்தவை.

முதலில் வரி. 1644இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் கலால் வரி போட்டது. அப்புறம் வரி ஏற ஏற, ஊறலும் வடிப்பும் மலைச் சரிவுகளுக்குப் போயின. இந்தக் கள்ளச்சாராயக் காலத்தை வெறும் வீரக்கதையாக மட்டும் சொல்லக் கூடாது. 1822இல் எடின்பரோவுக்கு வந்த நான்காம் ஜார்ஜ் மன்னரே திருட்டுத்தனமாக வடித்த கிளென்லிவெட் விஸ்கிதான் வேண்டும் என்றாராம். மறு ஆண்டே வரியைப் பாதிக்கும் கீழே குறைத்து, 10 பவுண்டுக்கு உரிமம் கொடுக்கும் சட்டம் வந்தது. 1824இல் அதே கிளென்லிவெட்டின் ஜார்ஜ் ஸ்மித் என்ற வடிப்பாளர் அந்த உரிமத்தை வாங்கினார். அதன் பிறகு அவருக்கு ஆபத்து அரசாங்கத்திடமிருந்து வரவில்லை, அக்கம்பக்கத்துக் கள்ள வடிப்பாளர்களிடமிருந்து வந்தது. ஆலையைக் கொளுத்திவிடுவோம் என்று மிரட்டினார்கள். பல வருஷம் இடுப்பில் இரண்டு துப்பாக்கிகளோடுதான் நடமாடினார்.

வடிக்கும் முறையைப் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. மால்ட்டை அரைத்து, 65 டிகிரியை ஒட்டிய வெந்நீரில் கலக்கி, இனிப்பு நீரை இறக்கி, ஈஸ்ட் போட்டுச் சில நாள் விட்டால் 8 சதவீதம் போல ஆல்கஹால் உள்ள ஊறல் கிடைக்கும். அதைச் செப்புப் பாத்திரங்களில் பொதுவாக இரண்டு முறை காய்ச்சி வடிப்பார்கள். இரண்டாவது வடிப்பில் முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கி, நடுப்பகுதியை மட்டும் எடுப்பார்கள். ஒதுக்கியதைக் கீழே ஊற்றுவதில்லை, அடுத்த வடிப்பில் சேர்த்துவிடுவார்கள். எவ்வளவு முறை வடிக்கிறோமோ அவ்வளவு உசத்தி என்று நினைப்பதும் தவறு. சுத்தம்தான் வேண்டுமென்றால் ஈனியஸ் காஃபி 1830இல் காப்புரிமை வாங்கிய நெடுந்தூண் கருவி நாள் முழுக்க நிற்காமல் வடித்துத் தள்ளும். (அவர் ஓய்வுபெற்ற கலால் அதிகாரி!) செப்புப் பாத்திரமோ கந்தக வாடையை இழுத்துக்கொண்டு, பார்லியின் குணத்தை மட்டும் விட்டுவைக்கிறது.

காஃபியின் கருவியில் வடித்த மலிவான தானியச் சாராயத்தோடு மால்ட்டைக் கலந்ததுதான் உலகம் சுற்றிய ஸ்காட்ச். பிரான்சின் திராட்சைத் தோட்டங்களைப் பூச்சி அழித்து பிராந்தி தட்டுப்பாடு வந்ததும் அதற்குக் கைகொடுத்தது. ஆகவே அந்தக் காலத்தில் எல்லாரும் சிங்கிள் மால்ட் குடித்தார்கள், கலப்பு பிறகு வந்த சீரழிவு என்று சொல்லாதீர்கள். மால்ட்டில் பெரும்பகுதி கலப்புக்கே போனது. கிளென்ஃபிடிக் 1963இல்தான் தன் சிங்கிள் மால்ட்டை வெளிநாடுகளில் முனைந்து விற்கத் தொடங்கியது. சிங்கிள் என்றால் ஒரே ஆலை என்று பொருள். ஒரே பீப்பாய் அல்ல.

பீப்பாயும் முதலில் சரக்கு ஏற்றும் பாத்திரமாக வந்ததுதான். ஷெர்ரி என்ற ஸ்பெயின் ஒயின் வந்திறங்கிய காலிப் பீப்பாய்கள் துறைமுகத்தில் கிடந்தன, எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்கச் சட்டப்படி அந்த நாட்டு விஸ்கியான பர்பனுக்குப் புதிய, உள்ளே கருக்கிய ஓக் பீப்பாய் வேண்டும். ஒரு முறை பயன்படுத்தியவை ஸ்காட்லாந்துக்கு வருகின்றன. குறைந்தது 3 ஆண்டு பீப்பாயில் இருக்க வேண்டும் என்ற விதியோ, முதல் உலகப்போர்க் காலத்தில், 1915இல் வந்த சட்டத்தின் பிள்ளை.

நிறம் கறுத்திருந்தால் பழசு என்று நம்ப வேண்டாம். கேரமல் சேர்க்க அனுமதி உண்டு. லேபிளில் 12 என்றிருந்தால் உள்ளே இருப்பவற்றில் மிக இளையதன் வயது அது. ஊருக்கு ஊர் அந்த எண்ணை ஒப்பிடவும் முடியாது. ஸ்காட்லாந்தின் குளிரில் வருஷத்துக்கு 2 சதவீதம் போல ஆவியாகிறது. பெங்களூரில் அம்ருத் ஆலையின் பீப்பாய்களில் 10 சதவீதத்துக்கும் மேல். அங்கே 18 ஆண்டு வைத்தால் மிஞ்சுவது பெரும்பாலும் பீப்பாய்தான். ‘இந்திய விஸ்கி’ என்று மொத்தமாகப் பேசுவதும் சரியில்லை. அம்ருத்தின் சிங்கிள் மால்ட் பார்லியில் ஆனது. சாதாரண இந்திய பிராண்டுகள் பலவற்றில் அடிப்படை கரும்புக் கழிவுப்பாகு. ஐரோப்பிய ஒன்றியத்தில் அவற்றை விஸ்கி என்று விற்க முடியாது.

கடைசியாக, என் மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த 12 வருஷப் பாட்டிலைப் பீரோவில் பத்து வருஷம் பூட்டி வைத்துவிட்டு, இப்போது 22 வருஷச் சரக்கு என்கிறார். முதிர்வது மரத்துக்குள் மட்டும்தான். கண்ணாடிக்குள் போனதும் வயது நின்றுவிடும். ஆனால் பாட்டிலை நிமிர்த்தியே வைத்திருந்தது சரி. ஒயினைப் போலப் படுக்கவைத்திருந்தால் ஆல்கஹால் இந்நேரம் தக்கையை அரித்திருக்கும்.