வாசலில் சிவப்புப் பீடம்: சிங்கப்பூருக்குப் புதிதாக வருபவர்களுக்கு

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில் குடியேறியதும், சில சீனக் குடும்பங்களின் வாசலில் சுவரில் உயரமாக ஒரு சிவப்புப் பீடமும் தரையை ஒட்டி இன்னொன்றும் இருப்பதைப் பார்ப்பீர்கள். மேலே இருப்பது வானுலக அதிகாரிக்கு, கீழே இருப்பது மண்ணைக் காக்கும் தெய்வத்துக்கு. பக்கத்து வீட்டில் அப்படி இருந்தால், உங்கள் செருப்பு அலமாரியையும் குப்பைப் பையையும் தள்ளியே வையுங்கள்.

அதிகாரி என்று தெரிந்துதான் சொன்னேன். தாவோயிசம் என்ற சீனச் சமயத்தில் வானுலகமே ஓர் அரசாங்கம். உச்சியில் ஜேட் பேரரசர், அவருக்குக் கீழே நகரத்துக்கு ஒரு தெய்வம், நிலத்துக்கு ஒன்று, அடுப்படிக்கு ஒன்று. அடுப்படித் தெய்வம் சீனப் புத்தாண்டுக்குச் சில நாள் முன்பு மேலே போய், அந்த வீட்டார் வருடம் முழுக்க நடந்துகொண்ட விதத்தை அறிக்கையாகக் கொடுக்குமாம். அதனால் புறப்படும்போது அதன் வாயில் இனிப்பைத் தடவி அனுப்புவார்கள். எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் இது.

இந்தச் சமயத்தின் தொடக்கத்தை லாவோ ட்சு என்ற ஞானியிடம் சொல்வது மரபு. அவர் பெயரில் உள்ள நூலின் சாரம்: எல்லாவற்றுக்கும் மூலமான தாவோ என்ற வழியோடு மல்லுக்கட்டாமல் இசைந்து போ. பூசாரியும் சடங்கும் உள்ள சமய அமைப்பு பின்னால் வந்தது. கி.பி. 142இல் இன்றைய சிச்சுவான் பகுதியில் ஜாங் தாவோலிங் என்பவருக்கு லாவோ ட்சு தெய்வமாகக் காட்சி தந்தார் என்பது நம்பிக்கை.

இங்கே சிங்கப்பூரில் தாவோயிசத்தோடு முன்னோர் வழிபாடு, தென்சீன ஊர்த்தெய்வங்கள், பௌத்தம் எல்லாம் கலந்திருக்கும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 31.1 விழுக்காட்டினர் பௌத்தர் என்றும் 8.8 விழுக்காட்டினர் தாவோயிஸ்ட் என்றும் பதிந்தார்கள். பௌத்தர் என்று பதிந்தவர் வீட்டிலும் அந்தப் பீடம் இருக்கலாம், குழம்பாதீர்கள்.

உங்களுக்கு அதிகம் தேவைப்படப்போவது ஏழாம் மாதம் பற்றித்தான். சீன நாட்காட்டிப்படி வரும் இது பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில் விழும். கீழுலகக் கதவு திறந்து, பசித்த ஆவிகள் ஒரு மாதம் இங்கே உலவும் என்பது நம்பிக்கை. கவனிக்க ஆள் இல்லாத ஆவிகளுக்கும் சேர்த்து நடைபாதை ஓரத்தில் சோறு, பழம், ஊதுபத்தி வைப்பார்கள். அதை மிதிக்கவோ தாண்டவோ வேண்டாம், சுற்றிப் போங்கள். பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.

ஆவிகளுக்கென்று போலிக் காகிதப் பணம் எரிக்கும்போது புகையும் சாம்பலும் வரும். துணியை உள்ளே எடுத்து, சன்னலைச் சாத்துவதே முதல் வேலை. எரிக்கும் தொட்டியை விட்டுத் தாழ்வாரத்திலேயே எரித்தால் நகர மன்றத்திடம் சொல்லலாம். ஆனால் முதலில் அண்டை வீட்டாரிடம் தன்மையாகப் பேசிப் பாருங்கள்.

திடலில் கூடாரம் போட்டு 'கெத்தாய்' என்ற பாட்டுக் கச்சேரி நடக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், ஆனால் முன்வரிசை காலியாக இருக்கிறதே என்று போய் உட்காராதீர்கள். அது ஆவிகளுக்கு. ஏழாம் மாத விருந்து ஏலத்துக்கு யாராவது அழைத்தால் போய் வாருங்கள். சிவப்பு நாடா கட்டிய கரியை 'கறுப்புத் தங்கம்' என்று ஆயிரக்கணக்கான வெள்ளிக்கு எடுப்பார்கள்!

துக்க வீட்டுக்குப் போனால் சிவப்பு உடை கூடாது. பணம் வெள்ளை உறையில், ஒற்றைப்படைத் தொகையாக.

சீனக் கோயிலுக்குள் போகத் தயக்கம் வேண்டாம். வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும் கருணைத் தெய்வமான குவான் இம்மின் கோயிலும் அருகருகே உள்ளன. குவான் இம்மைக் கும்பிட்டு வரும் சீனர்கள் கிருஷ்ணன் வாசலிலும் ஊதுபத்தி ஏற்றுவார்கள். நீங்கள் அந்தப் பக்கம் போனால், படம் எடுக்குமுன் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். சீனக் கோயில்களில் பெரும்பாலும் செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை, ஆனால் வாசற்படியை மட்டும் மிதிக்காமல் தாண்டிப் போங்கள்.