கேத்தல் படையிலிருந்து பாமுக்கலே வரை: நிலப்பிளவை வீட்டிலேயே செய்து பார்ப்போம்

மட்டக்களப்பில் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வீடென்றால், கேத்தலின் அடியை ஒருமுறை பாருங்கள். வெள்ளையாக ஒரு படை ஒட்டியிருக்கும். துருக்கியில் பாமுக்கலே மலைச்சரிவைப் பஞ்சு போல மூடியிருப்பதும் பெரும்பாலும் இதே கல்சியம் காபனேற்றுதான். வெந்நீர் ஊற்றுகள் இப்படிப் படியவிடும் கல்லை டிரவர்டைன் என்பார்கள். அது எங்கே படியும், என்ன வடிவம் எடுக்கும் என்பதெல்லாம் பெரிதும் அடியிலுள்ள நிலப்பிளவின், அதாவது பாறை உடைந்து இரு பக்கமும் நகர்ந்த இடத்தின், கையில்தான்.

படி 1: படையைச் சுரண்டுங்கள்

சுரண்டிய தூளில் தேசிக்காய்ப் புளி இரண்டு சொட்டு விடுங்கள். நுரைக்கும். வெளியேறுவது காபனீரொட்சைட்டு. இந்த வாயு கரைந்த தண்ணீர் நிலத்தடியில் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக்கொண்டு மேலே வரும். வெளியே வந்ததும் அழுத்தம் குறைந்து, சோடாப் போத்தல் திறந்தது போல வாயு பறந்துவிடும். வாயு போனால் சுண்ணாம்பு தண்ணீரில் தங்காது, கல்லாகப் படிந்துவிடும்.

படி 2: மாவில் ஒரு பிளவு

தட்டையான தட்டொன்றில் இரண்டு தடித்த அட்டைகளை விளிம்போடு விளிம்பு பொருத்தி வையுங்கள். மேலே கோதுமை மாவை ஒரு விரல் உயரத்துக்கு அமுக்கிப் பரப்பி, அதன்மேல் குரக்கன் மாவை மெல்லியதாகத் தூவுங்கள். (வண்டு விழுந்த மா போதும், நல்ல மாவை எடுத்து வீட்டில் ஏச்சு வாங்க வேண்டாம்.) ஓர் அட்டையை மெதுவாக விலக்கினால் பழுப்பு மேற்பரப்பில் நேர்கோடாக வெடிப்பு விழும்.

சரி, இப்போது முக்கியமான விளையாட்டு. அட்டைகளின் நடு விளிம்பை நேராக வெட்டாமல், பாதித் தூரத்தில் ஒரு படிக்கட்டு மடிப்பு வருமாறு வெட்டுங்கள். மறுபடி மாவைப் பரப்பி, ஓர் அட்டையை விலக்காமல், மற்றதன் விளிம்பு நெடுக நகர்த்துங்கள். ஒரு திசையில் தள்ளினால் மடிப்பில் அட்டைகள் மோதும். எதிர்த்திசையில் தள்ளினால் அங்கே இடைவெளி விழும், மா உள்ளே சரியும், சுற்றிலும் குறுக்கும் நெடுக்குமாக வெடிக்கும். என் முதல் முயற்சியில் தவறான பக்கம் தள்ளி, மாவில் ஒரு மேடுதான் கிடைத்தது.

உண்மையான நிலத்திலும் வெந்நீர் இந்த மாதிரி மடிப்புகளையும் பிளவின் முனைகளையும்தான் விரும்பித் தேடும். பிளவின் நடுப்பகுதியில் பாறைகள் உரசி உரசி, களிபோன்ற தூளாகி வழியை அடைத்துவிடலாம். முனையிலோ பாறை புதிது புதிதாக வெடித்துக்கொண்டிருப்பதால் தண்ணீருக்கு வழி திறந்தே இருக்கும்.

படி 3: வடிவத்தை வாசியுங்கள்

கூகுள் மப்பில் செய்மதிப் படத்தைத் திறந்து பாமுக்கலேயைத் தேடுங்கள். தண்ணீர் சரிவில் வழிந்த இடத்தில் படிப்படியான தொட்டிகள். அந்த வட்டாரத்திலேயே வேறொரு வடிவமும் உண்டு: நீண்ட முதுகு போன்ற மேடு, அதன் உச்சி நெடுக ஒரு வெடிப்பு. வெடிப்பிலிருந்து இரு பக்கமும் வழிந்த சுண்ணாம்புதான் அந்த மேடு. ஆகவே மேடு நீளும் திசையே அடியிலுள்ள வெடிப்பின் திசை.

வெடிப்புக்குள்ளேயும் சுண்ணாம்பு செங்குத்துப் பட்டைகளாக ஒட்டும். அப்படியே விட்டால் ஊற்று தன் தொண்டையைத் தானே அடைத்துக்கொள்ளும். நிலம் அதிர்ந்து வெடிப்பு மீண்டும் விரிந்தால் புதிய பட்டை ஒட்டத் தொடங்கும். அதனால்தான் அந்தப் பட்டைகளின் வயதை யுரேனியம், தோரியம் அளவுகளைக் கொண்டு கணித்து, பழைய நிலநடுக்கங்களைத் தேடுகிறார்கள்.

படி 4: மகா ஓயாவுக்குப் போங்கள்

செங்கலடிச் சந்தியில் பதுளை வீதியில் திரும்பி, கரடியனாறு, புல்லுமலை தாண்டினால் அம்பாறை மாவட்டத்தின் மகா ஓயா வெந்நீர்க் கிணறுகள். ஏறக்குறைய 55 பாகை செல்சியஸ் சூடு. இங்கே எரிமலை இல்லை. மழைநீர் வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, சூடாகித் திரும்பி வருகிறது. வெள்ளைத் தொட்டிகளை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அடியில் இருப்பது பழைய உருமாறிய பாறை. பாமுக்கலேயில் போல வாயுவும் சுண்ணாம்பும் நிறைந்த தண்ணீர் இங்கே வருவதில்லை.

ஒரு வெப்பமானி கொண்டுபோய் ஒவ்வொரு கிணற்றின் சூட்டையும் குறித்து, கிணறுகள் இருக்கும் இடங்களை ஒரு தாளில் வரைந்து பாருங்கள். மிகச் சூடான கிணறுகள் ஒரே கோட்டில் விழுகின்றனவா என்று கவனியுங்கள். அப்புறம், முட்டை அவிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பிக் கொண்டுபோகாதீர்கள். அந்தச் சூட்டில் வெள்ளைக்கரு இறுகாது.