கோழி, எரு, கேரட்: மலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோழிக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பதைப் பற்றிப் பேச்செடுத்தால், இறைச்சியில் மருந்து எச்சம் இருக்குமா என்றுதான் நீலகிரியிலும் பலர் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் மருந்தை நிறுத்தி, எச்சம் முழுவதும் வெளியேறிய பிறகும், அந்த மருந்துக்குக் கட்டுப்படாத ஈ.கோலை, சால்மொனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் கோழியின் குடலில் உயிரோடு இருக்கக்கூடும். எச்சத்தை மட்டும் பார்த்து நிம்மதி அடைவதே முதல் தவறு.

பண்ணையில் நடக்கும் தவறு பெரும்பாலும் குளிரில் தொடங்குகிறது. முதல் வாரக் குஞ்சுகளுக்கு ஏறக்குறைய 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். மலைக்காற்றில் அது குறைந்து குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஒண்டும்போது, புரூடரின் (குஞ்சுகளுக்குச் சூடு தரும் அமைப்பின்) சூட்டைக் கூட்டாமல் குடிநீரில் ஆன்டிபயாடிக் கலப்பது பயன் தராது. வெள்ளைக்கழிச்சல் வைரஸால் வருவது. அதை ஆன்டிபயாடிக் குணப்படுத்தாது, தடுப்பூசிதான் காக்கும். கால்நடை மருத்துவர் பார்க்காமல் மருந்து வாங்கிக் கொடுப்பதைக் கைவிட வேண்டும். கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் பயன்படுத்த இந்தியா 2019இல் தடை விதித்தது. பிற மருந்துகள் பலிக்காத மனித நோயாளிகளுக்குக் கடைசியாக எஞ்சியிருக்கும் மருந்துகளில் அதுவும் ஒன்று. அந்த மருந்துக்குக் கட்டுப்படாத தன்மை, ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்கு மரபணு வழியாகத் தாவக்கூடும் என்பது சீனாவில் நடத்தப்பட்டு 2015இல் வெளிவந்த ஆய்வில் தெரியவந்தது.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது எரு. பச்சைக் கோழி எருவைக் கேரட் தோட்டத்தில் நேராகக் கொட்டினால், கோழியின் குடலில் இருந்தவை மண்ணை அடைகின்றன; சரிவான நிலத்தில் பெய்யும் மழை அவற்றை ஓடைக்கு இழுத்துச் செல்கிறது. கேரட்டைப் பச்சையாகவே கடித்துத் தின்கிறோம் என்பதையும் மறக்கக் கூடாது. எருவைக் குவித்து மக்கவிடும்போது, குவியலின் உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடு சில நாட்கள் நிலைத்து, வெளிப்புற எருவும் உள்ளே போகுமாறு பலமுறை புரட்டப்பட்டால், நோய்க்கிருமிகள் பெருமளவு குறையும். சிறிய, மூடாத குவியல் மலைக்குளிரில் அந்தச் சூட்டை எட்டாமலே கிடக்கும்; வெளியே உலர்ந்து கறுத்திருப்பதைப் பார்த்து மக்கிவிட்டதாக நம்பிவிடுகிறார்கள். குவியலைப் பெரிதாக்கித் தார்ப்பாயால் மூடி, ஓடையிலிருந்து தள்ளி வைக்க வேண்டும்.

சமையலறையில், கோழிக்கறியைக் குழாயடியில் கழுவுவது தவறு. தெறிக்கும் நீர் பக்கத்துப் பாத்திரங்களுக்கும் கிருமியைப் பரப்பும். கறி நறுக்கிய கத்தியையும் பலகையையும் சோப்பிட்டுக் கழுவாமல், அவற்றிலேயே வெங்காயம் நறுக்குவதும் அப்படியே. மருந்துக்கு அடங்காத பாக்டீரியா சூட்டுக்கும் அடங்காது என்று அஞ்ச வேண்டாம்; கறியின் உட்புறம் 74 டிகிரியை எட்டினால் அதுவும் மடியும். ஆனால் உதகையின் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதிப்பதால், சமவெளிச் சமையலின் நேரக்கணக்கு இங்கே போதாது. குக்கரில் வேகவைப்பது நல்லது. இல்லாவிட்டால், எலும்பை ஒட்டிய சதை வரை வெந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுப்பிலிருந்து இறக்க வேண்டும்.