ஓ.டி.சி. லோடு ஓட்ட வருகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

நாமக்கல், சங்ககிரிப் பக்கம் சாதாரண லாரி ஓட்டிக்கொண்டிருந்த பையன்கள் பலர் இப்போது டிரான்ஸ்பார்மர், காற்றாலை இறக்கை, பொக்லைன் என்று ஓ.டி.சி. பக்கம், அதாவது சாதாரண அளவை மீறிய பெரிய லோடு பக்கம் வருகிறார்கள். நல்லதுதான், பேட்டாவும் கூடுதல். ஆனால் நாங்கள் அந்தக் காலத்தில் அடித்த கூத்தை ஒன்று விடாமல் அடிக்கிறார்கள். தூங்கிக்கொண்டே ஓட்டாதே, டயரில் காற்றைப் பார் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அது தெரியாதவர் இந்த வேலைக்கே வர வேண்டாம்.

உயரத்தை அடுத்தவரிடம் கேட்பது

"ஹைட்டு எவ்வளவு தம்பி?" என்று கேட்டால், "பேப்பர்ல நாலு அறுபது மீட்டருண்ணே" என்று பதில் வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பேப்பரில் இருப்பது கம்பெனிக்காரர் வரைபடத்தைப் பார்த்துப் போட்ட கணக்கு. பொருளுக்கு அடியில் வைத்த ஸ்லீப்பர் கட்டை அதில் இருக்காது. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தூக்குக் கொக்கியும் தார்ப்பாய் முடிச்சும் இருக்காது. தளத்தை ஏற்றி இறக்கக்கூடிய ஹைட்ராலிக் ஆக்சில் வண்டி என்றால் இன்னும் மோசம். அது நடு நிலையிலிருந்து மேலும் கீழும் 30 செ.மீ. அளவுக்கு ஏறி இறங்கும். யார்டில் இறக்கி வைத்து அளந்துவிட்டு, ரோட்டில் ஏற்றி ஓட்டினால் அந்த அளவுக்கு என்ன அர்த்தம்?

லோடு ஏற்றி, செயின் போட்டு, ஓட்டும் உயரத்துக்கு ஆக்சிலைக் கொண்டுவந்த பிறகு அளக்க வேண்டும். ஹெல்ப்பர் மேலே ஏறி, உச்சியிலிருந்து ஒரு நேரான பட்டையை வெளியே நீட்டி மட்டமாகப் பிடிக்கட்டும். கீழே டேப்பை நீங்கள் பிடியுங்கள்.

பாலத்தின் அளவும் அப்படித்தான். இப்போது கட்டும் நெடுஞ்சாலைப் பாலங்களில் 5.5 மீட்டர் இடைவெளி விடுகிறார்கள். பழைய ரயில் பாலம், ஊர் நுழைவு வளைவு என்று வந்தால் அந்தக் கணக்கு செல்லாது. பலகையில் இருக்கும் எண் அதை எழுதிய அன்றைக்கு உண்மை. அதற்கப்புறம் எத்தனை முறை தார் போட்டார்களோ!

இன்னொன்று, பல பேருக்குப் பிடிபடாதது. ரயில் பாலத்துக்கு அடியில் ரோடு பள்ளமாக இறங்கி ஏறும். நீளமான லோபெட்டின் (தளம் தாழ்ந்த டிரெய்லர்) முன் சக்கரம் எதிர் ஏற்றத்திலும் பின் சக்கரம் இந்தப் பக்கச் சரிவிலும் நிற்கும்போது, நடுவில் இருக்கும் லோடு பள்ளத்தின் தரையிலிருந்து கூடுதல் உயரத்தில் நிற்கும். சமதளத்தில் 4.60 அளந்த வண்டி அங்கே 4.60 இல்லை. தலைப்பக்கம் தாண்டிவிட்டது என்று ஆக்சிலேட்டரை மிதிப்பார்கள், நடுவில் இடிக்கும்.

ஒரு பையன் டிரான்ஸ்பார்மர் ஏற்றிக்கொண்டு போய் ஓர் ஊர் வளைவில் உரசினான். பெயின்ட்கூடச் சரியாகப் போகவில்லை. யாருக்கும் சொல்லாமல் போய்விடலாம் என்று நினைத்தான். பெரிய டிரான்ஸ்பார்மரை எண்ணெய் இல்லாமல், நைட்ரஜனோ உலர்ந்த காற்றோ அடைத்து அனுப்புவார்கள். கூடவே அதிர்ச்சியைப் பதியும் ஒரு ரெக்கார்டரையும் பொருத்தியிருப்பார்கள். எத்தனை மணிக்கு, எந்தத் திசையில், எவ்வளவு பலமாக அடி விழுந்தது என்று அதில் இருந்தது. இறக்குமிடத்தில் வாங்க மறுத்தார்கள். உள்ளே வைண்டிங் (கம்பிச் சுருள்) நகர்ந்திருந்தால் வெளியே தெரியாதே! திறந்து பார்த்து, சோதித்து, கடைசியில் பேக்டரிக்கே திரும்பியது. அதுவரை வாடகை நின்றது, வண்டியும் நின்றது. "லேசா உரசுனதுதாண்ணே" என்று இன்றைக்கும் சொல்கிறான். டேப் விலை என்ன தம்பி?

ரயில்வே கேட்டில் கம்பால் கம்பியைத் தூக்குவது

ஊருக்குள் கேபிள் டிவி வயரைக் கம்பால் தூக்கிப் பழகிய கை, ரயில்வே கேட்டிலும் கம்பைத் தேடும். அங்கே ஓடுவது 25,000 வோல்ட். தொடவே வேண்டாம், 2 மீட்டருக்குள் போனாலே ஆபத்து. கேட்டுக்கு முன்னால் நட்டிருக்கும் இரும்புச் சட்டத்தின் உயரம் 4.67 மீட்டர். அதற்கு மேல் உயரம் என்றால் ரயில்வேயில் முன்கூட்டியே அனுமதி வாங்கி, அவர்கள் மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான் கடக்க வேண்டும். கேட்மேனிடம் கெஞ்சி ஆகிற வேலை இல்லை.

பொக்லைனின் எடையை நம்புவது

"இருபது டன்னுண்ணே, எங்க போயிடும்?" போகும். இரும்புத் தளத்தில் இரும்புச் செயின் பட்டை, அதுவும் மழையில், சோப்பு மாதிரி வழுக்கும். அடியில் மரமோ ரப்பரோ போடுங்கள். நாலு மூலையிலும் செயின் கட்டுங்கள். பக்கெட்டைத் தளத்தில் இறக்கி, பூமை (அதன் நீளக் கையை) தனியாகக் கட்டுங்கள். மேல் பகுதி சுழலாமல் பிடிக்கும் ஸ்விங் லாக் போட்டோமா என்று பாருங்கள். கிளம்பிக் கொஞ்ச தூரத்திலேயே ஓரம் கட்டி எல்லாவற்றையும் திரும்ப முறுக்குங்கள். முதல் குலுக்கலில் செயின் தளராமல் இருக்காது.

பாலத்தின் மேல் அவசரம்

ரொம்பப் பெரிய எடை என்றால் மணிக்கு 5 கி.மீ.க்கு மேல் வேண்டாம். நடுவில் போங்கள். வேறு வண்டி மேலே இருக்கக் கூடாது. பாலத்தில் பிரேக் அடிக்காதீர்கள், நிற்காதீர்கள், கியர் மாற்றாதீர்கள்.

பர்மிட்டில் இல்லாத குறுக்கு வழி

வேண்டாம்.

பைலட் வண்டியோடு வீம்பு

முன்னால் வழிகாட்டிப் போகும் பைலட் வண்டிக்காரர் நில் என்றால் நிற்க வேண்டும். ஏன் என்று நின்ற பிறகு கேளுங்கள்.